சீனன்குடாவுக்கு வந்த செய்தி

எங்கள் ஊரின் பெயரை முதலிற் சொல்லிவிடுகிறேன். சீனன்குடா. திருகோணமலையில் புகையிரதம் ஏறிக் கொழும்பு நோக்கிப் புறப்படுவோருக்கு அடுத்து வரும் நிலையம் அதுதான். இவ்வூரைக் காணாத நேயர்களும் அதன் பெயரைச் செய்தி அறிக்கைகளிற் கேட்டிருப்பீர்கள். விமானப்படைத் தளம் என்றும், எண்ணெய்க் குதங்கள் என்றும், கோதுமை மா ஆலை என்றும் அது அடிக்கடி அடிபடும் பெயர். வெள்ளைமணலில் வலை காயப்போடுகிறவரைப் பற்றி ஒரு செய்தி வந்ததாக எனக்கு நினைவில்லை.

தொலைக்காட்சிச் செய்தி எங்கள் ஊருக்கு வந்த கதையே இன்றைய உரையின் பொருள். வானொலியில் இருந்துகொண்டு தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது, புகுந்த வீட்டில் உட்கார்ந்து அயல்வீட்டுக் கறியைப் பற்றிப் பேசுவது போலத்தான். ஆனாலும் தமிழில் இவ்விரண்டுக்கும் இடையே ஓரெழுத்துத்தான் வேறுபாடு. வானொலி செய்வது ஒலிபரப்பு, தொலைக்காட்சி செய்வது ஒளிபரப்பு. இந்த லகர ளகரம் நாவில் பிசகினால் ஒலிவாங்கியின் முன் அமர முடியாது என்றொரு காலம் இலங்கை வானொலியில் இருந்தது. அந்தக் கண்டிப்புத்தான் பின்னர் திரைக்கும் போனது.

கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16ஆம் திகதி. தொலைக்காட்சிக்கு நாம் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1979 ஏப்ரல் 13ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல் நாள், சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை தனியார் சிலரின் முயற்சியாகத் தொடங்கியது. அதன் வீச்சு கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. இரண்டு மாதம் நிறைவதற்குள், ஜூன் 5ஆம் திகதி, அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றுக்கொண்டது. நாடு முழுவதற்குமென்று வந்தது ரூபவாஹினிதான். யப்பானின் நன்கொடையுடன் அமைந்த அந்நிலையம் 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது.

நாடு முழுவதற்கும் என்று சொன்னேன். சீனன்குடா அந்த நாட்டின் விளிம்பில் இருந்தது. இதைச் சற்று விளக்க வேண்டும். வானொலியின் சிற்றலை வானத்தில் மோதித் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் போகும். தொலைக்காட்சி அலை அப்படியன்று. அது ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவுக்கு அப்பால் இறங்காது. ஆகையால்தான் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2524 மீற்றர் உயரத்தில், ஒளிபரப்பி வைக்கப்பட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை தரைமட்டத்தைத் தொடக்கூடிய தூரம் சுமார் 200 கிலோமீற்றர். எங்களூர் அங்கிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றரில் இருக்கிறது. இடையில் நக்கிள்ஸ் மலைத்தொடர் வேறு குறுக்கே நிற்கிறது. அதனால் எங்கள் திரைகளில் செய்தி வாசிப்பவரின் முகத்தின் மீது எப்பொழுதும் மாரிமழை பெய்துகொண்டிருக்கும். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் அன்டெனாவைக் கட்டி, ஒருவர் கூரையிலும் ஒருவர் முற்றத்திலுமாக நின்று திருப்புவோம். வெக்கையான சில இரவுகளில் கடலின் மேலுள்ள காற்று அடுக்குகள் அலைகளை வளைத்துக் கொண்டுவரும். அப்போது கொழும்பைவிட இந்தியத் தூரதர்ஷன் தெளிவாகத் தெரியும். அதுவும் அரைமணி நேரம்தான்.

எங்கள் ஒழுங்கையில் முதலாவது தொலைக்காட்சிப் பெட்டியைக் கொண்டுவந்தவர் மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பிய ஓர் அயலவர். தமிழ்ச் செய்தி நேரத்தில் அவர் வீட்டு விறாந்தையில் இருபது பேராவது கூடுவோம். பாக்கு இடித்தபடி மாமியும் வந்திருப்பார். இலங்கை வானொலியின் தமிழ்ச் செய்தியை ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகியவர் அவர். வி. என். மதியழகன் போன்றோர் வானொலியில் வாசித்த குரலுடனேயே ரூபவாஹினித் திரையிலும் தோன்றினார்கள். முதல்நாள் மாமி சிறிது நேரம் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். ஏன் மாமி என்று கேட்டேன். "கண்ணை மூடினாத்தான் தம்பி ஆளைத் தெரியுது" என்றார்.

மாமி சொன்னதில் வேடிக்கை மட்டும் இருந்ததாக நான் இப்போது நினைக்கவில்லை. எங்கள் தொலைக்காட்சித் தமிழ்ச் செய்தி, முகம் வைத்த வானொலிச் செய்தியாகவே நெடுங்காலம் இருந்தது. படம் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து படப்பிடிப்புக் குழு சுமார் 260 கிலோமீற்றர் வீதியில் வரவேண்டும். எடுத்த ஒளிநாடா அதே வழியாகத் திரும்ப வேண்டும். வீதி திறந்திருக்கும் நாட்களிலேயே அது மறுநாட் செய்தி. மூடியிருந்த நாட்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆகவே மூதூரில் நடந்ததற்கும் தம்பலகாமத்தில் நடந்ததற்கும் திரையில் ஒரு வரைபடம் வரும். அதன்மேல் ஒரு வட்டம் விழும்.

வடக்குக்கென்று கொக்காவிலில் நிறுவப்பட்டிருந்த அஞ்சல் நிலையமும் 1990 ஜூலையில் போரில் அழிந்தது. 174 மீற்றர் உயரப் புதிய கோபுரம் அவ்விடத்தில் எழுந்து திறக்கப்பட்டது 2011 ஜூனில். இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டு ஒரு தலைமுறையின் பள்ளிக் காலத்திலும் நீளமானது.

மொழியைப் பற்றி இலக்கிய நேயர்களிடம் ஒன்று முறையிட வேண்டும. தமிழ்ச் செய்தி பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட பிரதியைப் பார்த்தே ஆக்கப்பட்டது. அதனால் 'தெரிவிக்கப்படுகின்றது', 'மேற்கொள்ளப்பட்டுள்ளது', 'கூறப்படுகின்றது' என்று எழுவாய் இல்லாத ஒரு தமிழ் வளர்ந்தது. யார் தெரிவித்தார், யார் மேற்கொண்டார் என்பது வாக்கியத்திலிருந்தே வெளியேறிவிடும். அவசரத்தில் மொழிபெயர்த்தவரைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது அரைமணி நேரமும் ஓர் அகராதியுமாக இருக்கலாம்.

ஆனால் ஊர்ப் பெயர்கள் அகராதியில் இல்லையே! ஒரு மார்கழி வெள்ளத்தின்போது நடந்ததைச் சொல்கிறேன். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. சிங்களத்தில் எங்களூருக்கு 'சீன வராய' என்று பெயர். வராய என்றால் துறைமுகம். மொழிபெயர்த்தவர் பார்த்தார், 'சீனத் துறைமுகப் பகுதியில் வெள்ளம், மக்கள் இடப்பெயர்வு' என்று எழுதிவிட்டார். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்த என் அண்ணன் அந்தச் செய்தியைச் சோறு தின்றபடியே கேட்டிருக்கிறார். சீனாவில் எங்கோ வெள்ளம் என்று நினைத்துப் படுத்துவிட்டார். நாங்கள் நான்கு நாட்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில், நனைந்த பாயில் இருந்தோம். தகவல் அறிந்து அவர் வந்து சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்திருந்தது. அம்மா பல வருடம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அண்ணன் ஒரு முறையும் சிரித்ததில்லை.

இவ்வளவுக்கும் எங்கள் மாவட்டம் ஒலிபரப்புக்குப் புதியதன்று. நிலாவெளிக்கு வடக்கே, கடலோரமாக, ஜேர்மனியின் டொய்ச்சவெல வானொலிக்கு ஓர் அஞ்சல் நிலையம் இருந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பல நூறு கிலோவாற் வலுவில் அது ஆசிய நாடுகளுக்கு ஒலிபரப்பியது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய – இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதத்தை எடுத்துப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகம், எங்களூர் எண்ணெய்க் குதங்கள், இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் ஆகிய மூன்றும் அந்த ஒரே கடிதத்தில் இடம்பெற்றிருக்கின்றன. எங்கள் மண்ணில் நட்ட கம்பத்துக்கு அவ்வளவு மதிப்பு. பெர்லினிலும் ஜகார்த்தாவிலும் நடந்ததை அந்தக் கம்பங்கள் உலகுக்குச் சொல்லக்கூடும். கிண்ணியாவில் நடந்ததைக் கிண்ணியாக்காரர் போய்ச் சொல்ல அங்கே ஒரு கதவு இருக்கவில்லை.

இது வெறும் மனக்குறை என்று நீங்கள் நினைத்தால், 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பூரணை விடுமுறை. காலை எட்டரை மணி கடந்த சிறிது நேரத்தில் கிழக்குக் கரையில் கடல் ஏறியது. துறைமுகத்தின் உட்புறத்தில் இருந்த எங்களுக்குச் சேதம் குறைவு. எதிரே கிண்ணியாவில் வைத்தியசாலையும் தப்பவில்லை. நாங்கள் ஓடிப்போய்த் தொலைக்காட்சியைப் போட்டோம். எங்களுக்குக் கிடைத்த அலைவரிசையில் விடுமுறை நாள் நிகழ்ச்சி ஒன்று பாட்டுடன் போய்க்கொண்டிருந்தது. அலை அப்போது தீவைச் சுற்றித் தென்மேற்குக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. காலியை நோக்கிச் சென்ற புகையிரதம் பெரலியவில் அள்ளுண்டது ஒன்பதரை மணியளவில். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரு வண்டியிலும் அதைச் சுற்றியும் மாண்டார்கள். கிழக்கில் நடந்தது தெற்குக்குத் தெரிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது. கொழும்பிலிருந்து எங்களுக்கு வரும் பாதையைக் கட்டிய பொறியியலாளர்கள், எங்களிடமிருந்து கொழும்புக்குப் போகும் பாதையைக் கட்ட மறந்துவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதன்பின் நிலைமை மாறியது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. தமிழுக்கென்றே அலைவரிசைகளும் பெருகின. 1998இல் சக்தி தொடங்கியிருந்தது. 2009 ஜூனில் வசந்தம் வந்தது. பிராந்திய நிருபரின் கையில் இப்போது ஒளிநாடா இல்லை, கைத்தொலைபேசி இருக்கிறது. மூதூர்ச் செய்தி மூதூரிலிருந்தே படத்துடன் நிமிடத்தில் போகிறது. ஊர்ப் பெயர் மட்டும் இன்னும் சில நாட்களில் 'சைனா பே' என்று திரையின் அடியில் ஓடுகிறது.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல், சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம். ரிச்டர் அளவில் 8.6 என்றார்கள். இம்முறை எச்சரிக்கை நேரத்துக்கு வந்துவிட்டது. மாமிக்கு அப்போது எழுபத்தைந்து இருக்கும்; கண் பார்வை குறைந்திருந்தது. பெட்டிக்கு அருகில் கதிரையை இழுத்துப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட ஊர்ப்பேர் சொன்னவங்களா தம்பி?"

"கிழக்குக் கரையோரம் என்றுதான் சொன்னாங்க மாமி."

"அப்ப அது நாங்கதான்" என்று எழுந்தார். அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, மேட்டுப் பக்கமாக நடந்தோம். அன்று கடல் வரவில்லை.