வாயிலில் நிற்கும் வரிசை

சித்தூர் மாவட்டத்தில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் உண்டு. 'வெதுரு' என்பது தெலுங்கில் மூங்கிலைக் குறிக்கும். நம் சங்க நூல்களில் மூங்கிலுக்கு 'வெதிர்' என்ற பெயர் வழங்குகிறது; இரண்டும் உறவுச் சொற்கள். அவ்வூரிலிருந்து திருமலை வெகுதொலைவில் இல்லை. ஆயினும், அங்கு வாழும் பாட்டி 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டைப் பெற விரும்பினால் இணையத்தையே நாட வேண்டும். தில்லியிலோ புணேயிலோ வசிக்கும் பேரப்பிள்ளைகள் அவருக்காகக் கைப்பேசியைத் திறந்துவைத்துக் காத்திருப்பர். விற்பனை தொடங்கும் நிமிடத்தில் நாடெங்குமிருந்து பெருந்திரளானோர் ஒரே கதவைத் தட்டுகின்றனர். அப்போது திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தால், பாட்டியின் பயணம் அடுத்த மாதத்திற்குத் தள்ளிப்போகும்.

நாம் தட்டும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது பயன்பாட்டுச் சேவையகம். அது நம் கோரிக்கையைப் பெற்று, தரவுத்தளத்தில் இடம் உள்ளதா எனப் பார்த்து, விடையை அனுப்பும் மென்பொருள். அதற்கு நினைவகத்தையும் பிணைய இணைப்பையும் பகிர்ந்தளிப்பது இயங்குதளம். 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் உருவாக்கத் தொடங்கிய லினக்ஸே இன்று பெரும்பாலான சேவையகங்களில் இயங்குகிறது. வட்டம் சுழன்றால், கணினிக்கு வலிமை போதவில்லை என்று எண்ணுகிறோம். பல வேளைகளில் கணினி பாதி ஓய்வாகவே இருக்கும். இயங்குதளத்தில் என்றோ எழுதிவைத்த ஓர் எண்ணே மக்களைத் தடுத்துக்கொண்டிருக்கும். இங்கு நாம் காணப்போகும் எண்கள் திருமலைத் தளத்திற்கு மட்டும் உரியவை அல்ல. லினக்ஸில் இயங்கும் எந்தத் தளத்திற்கும் பொருந்துவன.

திருமலைக்குச் சென்றவர்கள் வைகுண்டம் வரிசை வளாகத்தை அறிவர். அடியவர்கள் அறை அறையாக அமர்ந்து காத்திருப்பர். முன்னே இடம் கிடைக்கும்போது ஓர் அறை திறக்கப்படும். சேவையகத்தின் வாயிலிலும் இத்தகைய காத்திருப்பு அறை ஒன்று உண்டு. நம் இணைப்பு வந்து சேர்ந்ததும், மென்பொருள் அதை ஏற்கும் வரை இயங்குதளம் அதை ஒரு வரிசையில் நிறுத்திவைக்கும். அவ்வரிசையின் நீளத்திற்கு உச்சவரம்பு உண்டு. லினக்ஸில் அது நெடுங்காலம் 128 ஆகவே இருந்தது. 129ஆவதாக வருபவருக்கு இடமில்லை. அவருடைய தட்டலை இயங்குதளம் ஓசையின்றிக் கைவிட்டுவிடும். கைப்பேசி ஒரு நொடி பொறுத்து மீண்டும் தட்டும். பிறகு இரண்டு நொடி, நான்கு நொடி எனப் பொறுத்துப் பொறுத்துத் தட்டும். நாம் காணும் சுழல்வட்டத்தின் பின்னே இதுவும் நிகழ்ந்துகொண்டிருக்கலாம். 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.4 பதிப்பில் அந்த எண் 4096 ஆக உயர்த்தப்பட்டது. பழைய பதிப்புகளில் நிர்வாகியே அதை உயர்த்த வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மென்பொருளும் தன் வரிசைக்கு ஓர் எண்ணைக் கேட்கும். இரண்டில் சிறியது எதுவோ அதுவே செல்லும். ஒன்றை மட்டும் உயர்த்திவிட்டுப் பயனில்லையே என்று வியப்பவர் பலர்.

இரண்டாவது எண் 1024. லினக்ஸ் ஒவ்வொரு பிணைய இணைப்பையும் திறந்த கோப்பாகவே கணக்கிடுகிறது. வழக்கமான அமைப்பில் ஒரு மென்பொருள் ஒரே நேரத்தில் 1024 கோப்புகளையே திறந்து வைத்திருக்கலாம். பயனர்களின் இணைப்புகள், தரவுத்தளத்தோடு பேசும் இணைப்புகள், குறிப்பேடுகள் ஆகிய அனைத்தும் இக்கணக்கில் அடங்கும். எல்லை நிரம்பியதும் புதிய இணைப்பு எதையும் மென்பொருளால் ஏற்க முடியாது. பெரிய சேவையகங்களில் இந்த வரம்பைப் பல்லாயிரமாக உயர்த்துவர்.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு சொல். அது நிரம்பினால், இயங்குதளம் சில பகுதிகளை வட்டுக்கு மாற்றி இடம் செய்துகொள்ளும். ஆனால் நினைவகத்தைவிடச் சுழலும் வட்டு ஏறக்குறைய இலட்சம் மடங்கு மெதுவானது. ஜாவாவில் எழுதிய சேவையகம் வேண்டாத பொருள்களைக் கண்டறிய அவ்வப்போது தன் நினைவகத்தைத் துழாவும். அதில் ஒரு பகுதி வட்டில் கிடந்தால் அனைவரும் காத்திருக்க நேரும். இந்த மாற்றத்தில் இயங்குதளம் காட்டும் முனைப்புக்கும் லினக்ஸில் ஓர் எண் உண்டு. அதன் இயல்பு மதிப்பு 60. சேவையகங்களில் பலர் அதை 10 அல்லது 1 எனக் குறைத்துவிடுகின்றனர்.

மாணவர்களே, எண்களை உயர்த்திக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடுமா? ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். டாம்கேட் என்னும் பயன்பாட்டுச் சேவையகம் இயல்பாக ஒரே நேரத்தில் 200 கோரிக்கைகளைக் கவனிக்கும். ஒரு கோரிக்கைக்கு அரை நொடி ஆகுமெனில், நொடிக்கு 400 பேருக்கு விடை கிடைக்கும். ஓர் இலட்சம் பேர் ஒரே நொடியில் வந்தால் கடைசி ஆளுக்கு 250 நொடி, அதாவது நான்கு நிமிடத்திற்கும் மேல் ஆகும். வரிசையை எவ்வளவு நீட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. திருமலையிலும் அப்படித்தான்: காத்திருப்பு அறைகளைப் பெருக்கலாம், பங்காரு வாகிலி என்னும் பொன்வாயிலைக் கடக்கும் வேகம் அதனால் கூடாது. அங்கே நேரம் குறித்த சீட்டு வந்தது இக்காரணத்தால்தான். இணையதளங்கள் பலவும் இன்று 'உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் உள்ளனர்' என்று காட்டி, சிறு சிறு குழுக்களாகவே உள்ளே விடுகின்றன. காரணமறியாமல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேலானது என்பதே என் கருத்து.

ஆகவே, தேர்ந்த நிர்வாகி முதலில் அளக்கிறார். வரிசை நிரம்புகிறதா, கோப்பு எல்லை தட்டுகிறதா, வட்டு ஓயாமல் உழைக்கிறதா, தரவுத்தளம் தாமதிக்கிறதா என்று பார்க்கிறார். விற்பனை நாளுக்கு முன்பே, பல்லாயிரம் பேர் வருவது போன்ற செயற்கைச் சுமையை ஏற்றிச் சோதிக்கிறார். ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டுமே மாற்றுகிறார்; இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய இயலாது.

மாற்றிய எண்ணை அமைப்புக் கோப்பிலும் அவர் எழுதிவைக்க வேண்டும். ஓடும் இயங்குதளத்தில் மட்டும் செய்த மாற்றம், கணினியை அணைத்துத் தொடங்கியதும் மறைந்துவிடும். பழைய பதிப்பாயின், மறுநாள் காலையில் வாயில் வரிசை மீண்டும் 128 பேருக்கே இடம் தரும்.