மேஜைக் கம்ப்யூட்டருக்கு வயர்லெஸ் வேண்டுமா?

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி அருந்திக்கொண்டிருந்தபோது, லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் சகோதரி ஒருவர் என்னிடம் வந்து, "மாமா, பையனுக்காக மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம். வயர்லெஸ் இன்டர்நெட் போதுமா, இல்லை ஒயர் இழுக்க வேண்டுமா?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் இதே கேள்விக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தாருக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லி, அதனால் வந்த வினையை நான் அறிவேன். ஆகவே இம்முறை நிதானமாக எழுதியே சொல்லிவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, கரக்பூரிலும் ஹவுராவிலும் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் கம்பி வழியாகச் செய்தி அனுப்புவதும் கம்பியில்லாமல் அனுப்புவதும்தான் எனக்குச் சோறு போட்ட தொழில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "எங்கள் வீட்டில் வைஃபை இருக்கிறது" என்று சொல்லும்போது பலரும் அதையே இன்டர்நெட் என்று நினைக்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு இன்டர்நெட் வருவது தெருக் கம்பத்திலிருந்து இறங்கும் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக. அது வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டர் என்ற பெட்டியில் வந்து முடிகிறது. அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் வரை உள்ள இருபது முப்பது அடிதான் வைஃபை. ஊரெல்லாம் கம்பியில் வந்த செய்தியைக் கடைசி முப்பது அடியில் காற்றில் விடலாமா என்பதே நம் கேள்வி.

கம்பியில்லாத் தொடர்பை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். அதைப் பழிக்க இந்த ஊரில் இடம் கிடையாது. 1890-களின் நடுவிலேயே ஜகதீஸ் சந்திர போஸ் இங்குள்ள டவுன் ஹாலில், கம்பி ஏதுமின்றித் தொலைவிலிருந்து மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பும், 1995 ஜூலை 31 அன்று, ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து ஜோதி பாசு டில்லிக்குப் பேசியதுதான்.

ஆனால் வைஃபை வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால் அது ஒற்றைப் பாதை. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். வைஃபையிலும் ஒரு சேனலில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். நம் வண்டிகளுக்காவது டோக்கன் கொடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார். இங்கே அவரும் இல்லை. ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்டு, யாரும் பேசவில்லை என்றால் கிளம்புகிறது. இரண்டு ஒரே நொடியில் கிளம்பினால் மோதல். இரண்டும் திரும்ப அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டுக் கருவிகளோடு, மாடி வீட்டுக்காரர் டிவியும் எதிர் ஃபிளாட் பையன் போனும் அதே பாதையில்தான் காத்து நிற்கின்றன. ஒயர் அப்படியல்ல. அது உங்களுக்கே உங்களுக்கான இரட்டைப் பாதை. அப் லைனில் போவது போகும், டவுன் லைனில் வருவது வரும்.

பழைய ரவுட்டர்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை லைசென்ஸ் தேவைப்படாதது. அதனாலேயே அங்கு கூட்டம். அதில் ஒன்றின்மேல் ஒன்று படியாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் போடுகிறது. புதிய ரவுட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு. இடம் தாராளம், வேகம் அதிகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பவானிபூர், காளிகாட் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் கனம் உங்களுக்குத் தெரியும்.

நான் சொன்ன அந்தக் குடும்பம் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருந்தது. ரவுட்டர் முன்னறையில். மகளின் கம்ப்யூட்டர் பின்னறையில். நடுவே இரண்டு சுவர்கள், ஓர் இரும்பு பீரோ. "ஒயர் எதற்கு, ஒரு வைஃபை டாங்கிள் வாங்கிச் சொருகுங்கள், போதும்" என்றேன். சொருகினார்கள். வேகம் பார்த்தோம், திருப்தியாக இருந்தது. பார்த்தது பிற்பகல் மூன்று மணிக்கு, கட்டிடமே உறங்கும் நேரத்தில் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பெண்ணின் வேலைக்கான நேர்காணல் கம்ப்யூட்டர் வழியாக மாலை ஏழு மணிக்கு நடந்தது. படம் உறைந்தது, குரல் துண்டு துண்டாயிற்று. மூன்று தடவை அறுந்து ஒட்டிய பிறகு "பிறகு தெரிவிக்கிறோம்" என்று முடித்துக்கொண்டார்கள். தெரிவிக்கவில்லை. அவள் தகப்பனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் மாலை அதே ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் 'பிங்' என்று ஒரு கட்டளை உண்டு. அது ரவுட்டருக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும். வண்டி நின்றதும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்போமே, அது போல. நூறு தட்டு தட்டினேன். பல தட்டுகளுக்கு 3, 4 என்று நல்ல ஓசை. திடீரென்று 600, 800. ஐந்தாறு பதில்கள் வரவே இல்லை. சாந்தினி மார்க்கெட்டில் இருபது மீட்டர் கேபிள் வாங்கி வராந்தா ஓரமாக இழுத்துச் சொருகினோம். நூற்றுக்கு நூறு பதில், எல்லாமே 1 மில்லிசெகண்டுக்குள். மாதக் கட்டணம் அதேதான், ரவுட்டரும் அதேதான்.

இதைத்தான் நான் முன்பு கவனிக்கவில்லை. விளம்பரங்கள் வேகத்தைப் பேசுகின்றன. நேருக்கு நேர் பேசும் காரியங்களுக்கு வேண்டியது சீரான ஓட்டம். சினிமா பார்த்தால் கம்ப்யூட்டர் சில நொடிகளுக்கான படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வதால் நடுவில் தடங்கினாலும் தெரியாது. நேர்காணல், தேர்வு, பேரனின் பாட்டு வகுப்பு இவற்றில் சேர்த்துவைக்க எதுவுமில்லை.

ரயில்வேயில் கார்டுக்கும் டிரைவருக்கும் வாக்கி-டாக்கி கொடுத்தோம், ஏனெனில் அவர்கள் ஓடுகிறவர்கள். நட்ட இடத்தில் நிற்கும் சிக்னலுக்குக் கேபிள் புதைத்தோம். செல்போனும் லேப்டாப்பும் கார்டைப் போல. மேஜைக் கம்ப்யூட்டர் சிக்னல் கம்பம். ஆகவே முடிந்தால் ஒயரே போடுங்கள்.

முடியாத வீடுகளும் உண்டு. வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார். அல்லது பத்திரிகை படிக்கவும் பாங்க் கணக்குப் பார்க்கவும் மட்டுமே கம்ப்யூட்டர். அங்கே வயர்லெஸ் தாராளமாகப் போதும். ஆனால் டாங்கிளைக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகாதீர்கள். இரும்புப் பெட்டி அலையை மறைக்கும். சிறு நீட்டிப்பு ஒயர் வாங்கி மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். ரவுட்டரை பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காமல் உயரமான இடத்தில் வையுங்கள்.

சிம் கார்டு அல்லது 5ஜி பெட்டி வழியாக வீட்டு இன்டர்நெட் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கேபிள் வராத தெருவில் அது வரப்பிரசாதம். கேபிள் வரும் தெருவில் முதலிடம் கேபிளுக்கே. போனிலுள்ள இன்டர்நெட் ஆபத்துக்கு உதவும் துணையாக இருக்கட்டும். 2020 மே மாதம் உம்பன் புயலில் மரங்களோடு தெருக் கேபிள்களும் விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது செல்போனும் பல இடங்களில் செத்துக் கிடந்தது என்பது வேறு விஷயம்.

கேபிள் வாங்கும்போது 'கேட்-6' என்று கேளுங்கள். நூறு மீட்டர் வரை தாங்கும். உள்ளே எட்டு கம்பிகளும் முழுத் தாமிரமாக இருக்க வேண்டும். முனையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிவது தாமிரப் பூச்சுப் போட்ட அலுமினியம். மலிவு என்று வாங்காதீர்கள். கரண்ட் ஒயர் போகும் குழாயில் இதை நுழைக்கக் கூடாது. மொட்டை மாடி வழியாகவும் வேண்டாம். கால்பைசாகி இடி மின்னல் பொல்லாதது. போக வேண்டிய வழியை முதலில் சணல் கயிற்றால் அளந்து, இரண்டு மீட்டர் கூட்டி வாங்குங்கள்.

முனையில் பிளக் பொருத்தும் கிரிம்பிங் கருவி என்னிடம் இருக்கிறது. தேவைப்படும் அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயரைச் சொல்லி வைத்தால், ஞாயிறு காலையில் வந்து போட்டுத் தருகிறேன். மாலை ஏழு மணிக்கு மறுபடி ஒருமுறை வந்து தட்டியும் பார்த்துவிடுவேன்.