பஸ் போர்டு படிக்கத் தெரியாத மகளும், ஒரு பெட்டி புத்தகமும்

கோவில்பட்டி பஸ் நிலையம். கடந்த மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்து கொண்டிருந்த நேரம். மும்பையிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்த களைப்போடு, குடும்பத்துடன் பஸ்சுக்காக நின்று கொண்டிருந்தேன். என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பஸ் வந்து நின்றதும் பக்கத்தில் நின்ற என் மகளிடம், "போர்டுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு தாயி" என்று கேட்டார்.

மகள் போர்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி போர்டைப் பார்த்தாள். அதற்குள் பஸ் கிளம்பி விட்டது. அது எங்கள் பஸ்தான்!

மகள் ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம். இந்தியும் மராத்தியும் தடையில்லாமல் வாசிப்பாள். வீட்டில் மணிமணியாகத் தமிழ் பேசுவாள். ஆனால் தமிழ் எழுத்து ஒன்று கூடத் தெரியாது. என் அண்ணன் மகன், மூன்றாம் வகுப்புப் பொடியன், கைகொட்டிச் சிரித்தான். என் தாயார் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுல நான் ஒருத்திதான் இப்படின்னு நெனச்சேன். எனக்கு ஒரு துணை வந்திருக்கு" என்றார்.

அந்த வார்த்தை ஊரில் இருந்த பதினைந்து நாளும் என்னை விடவில்லை. குற்றம் பிள்ளையினுடையது அல்ல. பார்சல் ஆபீசில் குமாஸ்தா வேலை, ஷிப்டு மாற்றம், ஒற்றை அறை வீடு, ஓய்வு நேரத்தில் இந்தப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது என்று நான் ஆயிரம் காரணம் சொல்லலாம். வீட்டில் ஒரு தமிழ்ப் புத்தகம் கூட இல்லை என்பதுதான் உண்மை.

என் தந்தையார் சாண்டில்யனோடு நிறுத்திக் கொண்டவர். நான் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல்களில் மூழ்கி, அதோடு நின்று விட்டேன். புதுப் புத்தகங்கள் எல்லாம் பேராசிரியர்கள் படிப்பதற்கு, நமக்குப் புரியாது என்ற எண்ணம் எனக்கு உண்டு. இதைப் படிக்கும் வாசகர்களில் பலருக்கும் இருக்கலாம்.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் பட்டியல் வாங்கி, சென்னைக்குப் பணம் அனுப்பினேன். ஜூலை மாதம் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. பல ஆண்டுகளாக ஊரார் பார்சலுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொண்டிருக்கும் எனக்கு, என் பெயரில் ஒரு பார்சல் வந்தது அதுதான் முதல் தடவை.

செல்லாத பணம்

பெட்டியில் மேலே இருந்தது இமையம் எழுதிய "செல்லாத பணம்" என்ற நாவல். 2018இல் வெளிவந்து, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. அட்டையைப் பார்த்த ஆபீஸ் நண்பர், "2016ல செல்லாமப் போன ஐந்நூறு ரூபாய் நோட்டுக் கதையா?" என்று கேட்டார். இல்லை. இது வேறு கதை.

நடேசன் ஒரு தலைமை ஆசிரியர். மகள் ரேவதியை இன்ஜினீயரிங் படிக்க வைக்கிறார். அவளோ பர்மாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையனான ரவி என்ற ஆட்டோ டிரைவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கல்யாணம் நடக்கிறது. பிறகு அடி, உதை. ஒரு நாள் உடல் முழுதும் வெந்த நிலையில் அவளைப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டின் வாசலிலேயே நடக்கிறது. தகப்பனாரிடம் பணம் இருக்கிறது. எத்தனை லட்சம் வேண்டுமானாலும் செலவழிக்கத் தயாராக இருக்கிறார். அந்த வாசலில் அது செல்லவில்லை!

குறையும் சொல்ல வேண்டும். புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்ட கேள்வியையே கேட்கிறார்கள், சொன்ன பதிலையே சொல்கிறார்கள். ஐம்பது பக்கம் குறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஆபீசில் மூட்டை ஏற்றும் தொழிலாளி ஒருவர், விழுப்புரம் பக்கத்துக்காரர், இந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார். நான்காம் நாள் திருப்பிக் கொடுத்து விட்டார்.

"பாதிக்கு மேல முடியலைண்ணே. என் தங்கச்சிக்கு இப்படித்தான் ஆச்சு. இதே மாதிரி ஒரு வார்டு வாசல்ல பதினோரு நாள் உக்காந்திருந்தேன்."

என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். பேச்சை மாற்றுவதற்காக, ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறதே என்று என் விமர்சனத்தைச் சொன்னேன். "அங்க வேற என்னண்ணே பேசுவாங்க?" என்றார். ஐம்பது பக்கம் குறைக்க வேண்டும் என்ற என் கருத்தை அத்துடன் வாபஸ் வாங்கிக் கொண்டேன். பத்து நாள் கழித்து அவரே வந்து புத்தகத்தை மறுபடி வாங்கிப் போனார். முடித்து விட்டாராம். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊரை விட்டு வந்தவர்கள்

பெருமாள்முருகனின் "ஆளண்டாப் பட்சி" 2012இல் வந்த நாவல். இதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி பரிசு கிடைத்த பிறகு மறுபடி பேசப்பட்டது. கூட்டுக் குடும்பத்தில் சொத்துப் பிரிக்கிறார்கள். கடைசித் தம்பி முத்துவுக்கு ஓரவஞ்சனை நடக்கிறது. இனி இந்த மண்ணில் இருக்கக் கூடாது என்று மாட்டு வண்டி கட்டிக் கொண்டு, துணைக்கு ஒரு ஆளையும் சேர்த்துக் கொண்டு, வேறு நிலம் தேடிப் புறப்படுகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அண்ணன் தம்பித் தகராறில் ஊரை விட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எங்கள் வரிசையில் மட்டும் மூன்று குடும்பம் உண்டு. நாம் மாட்டு வண்டிக்குப் பதில் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறினோம், அதுதான் வித்தியாசம்.

தேவிபாரதியின் "நீர்வழிப் படூஉம்" 2023ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி பரிசு பெற்ற நாவல். தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம். கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து எடுத்த சொற்கள் அவை. ஆற்று வெள்ளம் இழுத்த வழியில் போகும் தெப்பத்தைக் குறிப்பவை. உள்ளே இருப்பது கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றின் கதை. காரு மாமா என்பவர் இறந்து போகிறார். சாவுக்குச் சொந்தபந்தங்கள் வந்து சேருகிறார்கள். பழைய பகையும் பழைய பாசமும் கிளம்புகின்றன. முதல் முப்பது பக்கம் யார் யாருக்கு என்ன உறவு என்று புரியாமல் திணறினேன். என் மனைவிதான் ஒரு காகிதத்தில் மாமன், அத்தை, சித்தி என்று கோடு போட்டு எழுதி வைத்தாள். அதன் பிறகு விறுவிறு என்று போயிற்று. சாவுச் செய்தி கேட்டும் டிக்கெட் கிடைக்காமல், காடாற்றுக்குத்தான் போய்ச் சேர முடிந்தது என்ற வருத்தம் உள்ளவர்கள் இதைப் படிக்கும்போது கொஞ்சம் கஷ்டப்படுவார்கள்.

சோ. தர்மனின் "சூல்", 2019ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. எங்கள் பக்கத்துக் கதை என்பதால் எனக்கு ஓரவஞ்சனை உண்டு என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். உருளைக்குடி கண்மாய்தான் இதில் கதாநாயகன். மடையைக் காத்தவர்கள், கரையைக் காத்தவர்கள், கண்மாயை நம்பி வாழ்ந்த ஒவ்வொரு சாதியாரும், பறவைகளும், மரங்களும் வருகின்றன. பிறகு அந்தக் கண்மாய் எப்படிக் கைவிடப்பட்டது என்பதும் வருகிறது. தடித்த புத்தகம். லோக்கல் வண்டியில் நின்று கொண்டு படிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படித்து இரண்டு மாதத்தில் முடித்தேன். எங்கள் ஊர்க் கண்மாயில் இப்போது சீமைக் கருவேலம்தான் இருக்கிறது.

நம் மும்பையைப் பற்றி ஒன்றுமில்லையா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள். பல ஆண்டுகள் இங்கே வேலை பார்த்த நாஞ்சில் நாடன் எழுதிய "சதுரங்கக் குதிரை", கல்யாணம் ஆகாமலே வயதாகிப் போகும் ஒரு மும்பைத் தமிழரின் கதை. புதிதல்ல, ஆனால் கிடைத்தால் விடாதீர்கள். மும்பையிலேயே வாழும் அம்பை 2014இல் வெளியிட்ட "அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு", சுதா குப்தா என்ற பெண் துப்பறிவாளர் வரும் கதைகள். பாக்கெட் நாவல் வாசகனான எனக்கு இது கரும்பு தின்னக் கூலி. துப்பாக்கிச் சத்தம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சொந்த வாழ்க்கையை எழுதியவர்கள்

தன்வரலாறு என்றால் தலைவர்கள் எழுதுவது என்று நினைத்திருந்தேன். கோவை ஆட்டோ டிரைவர் மு. சந்திரகுமார் எழுதிய "லாக்கப்" அந்த நினைப்பைப் போக்கி விட்டது. பிழைப்புத் தேடி ஆந்திராவுக்குப் போன இளைஞர். 1983இல் குண்டூரில், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி லாக்கப்பில் வைத்து அடிக்கிறார்கள். மொழி தெரியாது. கேட்க ஆள் கிடையாது. வெற்றிமாறன் இயக்கி 2016இல் திரைக்கு வந்த "விசாரணை" படம் இந்தப் புத்தகத்திலிருந்து பிறந்ததுதான். படம் பார்த்து விட்டோமே என்று இருந்து விடாதீர்கள். படத்தின் பிற்பகுதி வேறு. புத்தகத்தில் இருப்பது, வேலை தேடி வெளி மாநிலத்துக்குப் போன ஒரு தமிழ்ப் பையன், அவன் உடம்பு, அந்த நான்கு சுவர், அவ்வளவே. புதிதாக ஊரிலிருந்து வந்து பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு இப்போது அந்தப் புத்தகம்தான் ஞாபகம் வருகிறது.

பெருமாள்முருகன் தம் தாயாரைப் பற்றி எழுதிய "தோன்றாத் துணை" 2019இல் வந்தது. பள்ளிக்கூடம் பாராத ஒரு விவசாயப் பெண்மணி வீட்டையும் காட்டையும் மாடுகளையும் எப்படி ஆண்டார், படித்த மகனை எப்படி நடத்தினார் என்று சின்னச் சின்னக் கட்டுரைகளாக எழுதியிருக்கிறார். எதையும் பெரிதாக்கிச் சொல்லவில்லை. இதைப் படித்த இரவு, நேரம் போனதைப் பார்க்காமல் என் தாயாருக்குப் போன் செய்து திட்டு வாங்கினேன். "யாருக்கு என்ன ஆச்சோன்னு பதறிட்டேன்ல" என்றார்.

பிள்ளைகளுக்கு

பெட்டியின் அடியில் இருந்தவை குழந்தைகள் புத்தகங்கள். உண்மையில் இவற்றுக்காகத்தான் பெட்டியே வந்தது.

தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைக்கு முதலில் கதைப் புத்தகம் கொடுத்துப் பயனில்லை. சென்னை தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படக்கதைகள் போடுகிறார்கள். ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு அது சின்னப் பிள்ளைப் புத்தகம்தான். "நான் என்ன பேபியா?" என்று முதல் வாரம் கோபித்துக் கொண்டாள். பிறகு ஆங்கிலத்தை வைத்துத் தமிழை ஊகித்துப் படிப்பது அவளுக்கு ஒரு விளையாட்டாகி விட்டது.

எஸ். பாலபாரதி எழுதிய "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. ஒரு சிறுமியிடம் மரப்பாச்சி பொம்மை பேசுகிறது. தப்பான எண்ணத்தோடு தொடுகிறவர்களை எப்படி அறிவது, யாரிடம் போய்ச் சொல்வது என்பதைப் பயமுறுத்தாமல் சொல்லிக் கொடுக்கிறது. தகப்பனும் தாயும் வேலைக்குப் போய் விட, பிள்ளைகள் பூட்டாத வீட்டில் இருக்கும் நம் சால்களுக்கு இதை விட அவசியமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை. பெற்றோர் முதலில் படித்து விட்டுக் கொடுக்க வேண்டும். நாங்கள் வாங்கிய பிரதி பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து எதிர் வீட்டுக்குப் போய், இப்போது யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. தேடவும் இல்லை.

உதயசங்கர் எழுதிய "ஆதனின் பொம்மை" 2023இல் அதே புரஸ்காரம் பெற்றது. உதயசங்கர் கோவில்பட்டிக்காரர். ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நம் இலாகாக்காரர் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்! கதைக்கு அடிப்படை சிவகங்கை மாவட்டத்துக் கீழடி. அங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில் "ஆதன்" என்ற பெயர் பழைய தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருப்பது பலரும் அறிந்த செய்தி. ராஜாவின் கல்வெட்டு அல்ல, சாதாரணமாக வீட்டில் புழங்கும் பானை.

இதை மகளிடம் சொன்னேன். "பானையிலயா? யாரு எழுதினா?" என்று கேட்டாள். பானைக்குச் சொந்தக்காரனாக இருக்கும் என்றேன். "அவனுக்கே எழுதத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அதோடு பேச்சை விட்டு விட்டாள். மறுநாள் ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால், தண்ணீர் டிரம்மின் மேல் அவள் பெயர் சாக்பீஸால் தமிழில் எழுதியிருந்தது. அதில் ஒரு கொம்பு தப்பு.

இப்போது "ஆதனின் பொம்மை"யை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கம். வேகம் போதாது என்பதை நான் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஞாயிறு இரவு ஊருக்குப் போன் போடும்போது, அந்த வாரம் படித்ததை ஆச்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ளகரமும் ழகரமும் அவளிடம் படாதபாடு படுகின்றன. என் தாயார் ஒரு தடவை கூடத் திருத்தவில்லை.

போன வாரம் வாசிப்பு மூன்று பக்கத்தோடு நின்றது.

"மேல என்ன தாயி எழுதியிருக்கு?"

"தெரியலை ஆச்சி. அதுல ஒரு பெரிய வார்த்தை இருக்கு. அடுத்த வாரம் சொல்றேன்."

"சரி, நான் எங்க போகப் போறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.