எடை பார்க்காத ஊஞ்சல்

கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் 'கார்த்தியே டே ஸ்பெக்டாக்ல்' என்றொரு வட்டாரம் உண்டு. அரங்குகளும் திறந்தவெளி மேடைகளும் நிறைந்த இடம். கோடையில் நடக்கும் ஜாஸ் விழாவுக்கு உலகமே அங்கு திரளும். 2011 வசந்த காலத்தில் அங்கே சாலையோரமாக 21 ஊஞ்சல்களைக் கட்டிவிட்டார்கள். ஏறி ஆடினால் ஊஞ்சல் சுரம் எழுப்பும்; பியானோ, கிதார், ஹார்ப், வைப்ரஃபோன் ஆகியவற்றின் ஒலிகள். இருட்டியதும் பலகைக்கு அடியில் விளக்கு எரியும். தனியாக ஆடுகிறவருக்குத் தனித்தனிச் சுரங்கள்தாம் கிடைக்கும். பக்கத்து ஊஞ்சல்காரரோடு சேர்ந்து ஒரே சீராக ஆடினால், அதுவரை ஒளிந்திருந்த மெட்டு ஒன்று வெளியே வரும்.

முனா அந்த்ராவோஸ், மெலிஸா மோன்ஜியா என்ற இரண்டு பெண்கள் தொடங்கிய 'டெய்லி டு லெ ஜூர்' என்ற வடிவமைப்புக் குழுவின் கைவண்ணம் இது. கலைவிழாக்களில் 'பார்வையாளர் பங்கேற்கும் படைப்பு' என்று அறிவிப்புப் பலகை மாட்டியவற்றில் பலவும் எனக்கு அலுப்புத் தட்டும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். கைதட்டினால் நிறம் மாறும். குழந்தை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீம் கடை எங்கே என்று கேட்கும். மான்ட்ரியல் ஊஞ்சல் அந்த ரகம் இல்லை. அசைவை உணர்ந்து இசையைக் கிளப்பும் மின்னணுவியலை யாரும் செய்துவிடலாம். விஷயம் ஊஞ்சலின் இயற்பியலில் இருக்கிறது.

பள்ளிப் பாடத்தில் தனி ஊசலைப் படித்திருப்போம். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினால், அது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம் நூலின் நீளத்தையும் புவியீர்ப்பையும் பொறுத்தது. எடைக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. குண்டு கனமாக இருந்தால் பூமி அதை அதிக விசையோடு இழுக்கும். ஆனால் அதை நகர்த்துவதும் அதே அளவுக்குக் கடினம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஊஞ்சலுக்கும் இதே விதிதான். சங்கிலி இரண்டரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் மூன்று வினாடி. பதினைந்து கிலோ பேத்தி உட்கார்ந்தாலும் மூன்று வினாடி, எழுபத்தைந்து கிலோ தாத்தா உட்கார்ந்தாலும் மூன்று வினாடி. தாத்தாவின் உடல் உயரம் காரணமாக அவருடைய எடைமையம் பலகைக்குச் சற்று மேலே இருக்கும். அதனால் அவருடைய ஊஞ்சல் இம்மியளவு வேகமாக ஆடும், அவ்வளவுதான். எழுந்து நின்று ஆடினால் கதை வேறு. எடைமையம் இன்னும் மேலேறி ஊசலின் நீளம் குறைந்துபோகும், ஆட்டத்துக்கு ஏறத்தாழ அரை வினாடி மிச்சம்.

இதைச் சீசாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வட்டாரத்தில் 'லுமினோதெரப்பி' என்ற குளிர்கால ஒளி விழா ஆண்டுதோறும் நடக்கிறது. 2015 டிசம்பரில் தொடங்கிய விழாவுக்காக 'இம்பல்ஸ்' என்ற பெயரில் 30 சீசாக்கள் வைத்தார்கள். ஆட ஆடப் பலகை முழுக்க ஒளிரும், இசையும் வரும். கண்ணுக்கு விருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் சீசா ஒரு நெம்புகோல். அதற்கு எடைதான் எல்லாம். நடு அச்சிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருபது கிலோ குழந்தை உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் எழுபது கிலோ அப்பா 57 சென்டிமீட்டரில் உட்கார வேண்டும். சரியாக ஓரத்தில் உட்கார்ந்தாரோ, குழந்தை அந்தரத்தில் தொங்கும். குடும்பமாக வந்து ஆட வேண்டிய படைப்பு என்றால் என் ஓட்டு ஊஞ்சலுக்கே.

ஆனால் தாளம் ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் இருவரும் சேர்ந்து ஆடிவிட முடியாது. ஊசல் எவ்வளவு வீச்சில் ஆடினாலும் ஒரே நேரம்தான் எடுக்கும் என்று கலிலியோ நம்பினார். அது சின்ன வீச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே டச்சு அறிஞர் ஹைகன்ஸ் கணக்குப்போட்டுச் சரிசெய்தார். கோணம் 30 பாகையாக இருக்கும்போது ஆட்ட நேரம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கூடுகிறது. 60 பாகை உயரத்துக்கு எகிறினால் ஏழு சதவீதம் கூடிவிடும். கேட்பதற்குச் சில்லறை வித்தியாசமாகத் தெரியும். பயமில்லாத அக்கா எகிறி ஆடுகிறாள், பக்கத்தில் தம்பி மெதுவாக ஆடுகிறான் என்று வையுங்கள். சேர்ந்தே தொடங்கினாலும் ஏழு ஆட்டம் முடிவதற்குள் அவள் முன்னே வரும்போது இவன் பின்னே இருப்பான். மெட்டு அறுந்துவிடும். அது மறுபடி வர வேண்டுமென்றால் அக்கா கொஞ்சம் அடங்க வேண்டும், தம்பி கொஞ்சம் உந்த வேண்டும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒத்துப்போவதை இயற்கை முக்கால்வாசி முடித்துக் கொடுத்துவிட்டு, மீதிக் கால்வாசியை ஆடுகிறவர்களிடம் விட்டிருக்கிறது. அந்தக் கால்வாசியில்தான் இந்தப் படைப்பின் சுவாரசியம் முழுவதும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு பறவைக்காரர் வருகிறார். ஒத்துழைப்பு பற்றி ஆலோசிக்க வடிவமைப்பாளர்கள் நாடியது, மான்ட்ரியலில் உள்ள கியூபெக் பல்கலைக்கழகத்தின் விலங்கு நடத்தை ஆய்வாளர் லூக்-அலென் ஜிரால்டோவை. கூட்டமாக இரை தேடும் பறவைகளில் யார் தேடுகிறார்கள், யார் தேடாமல் அடுத்தவர் கண்டுபிடித்ததில் பங்குக்கு வருகிறார்கள் என்பது அவர் நெடுங்காலம் ஆராய்ந்த விஷயம். அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தது நம் நெல்வயல்களில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் அதே புள்ளிச் சில்லை. ஓசிச் சாப்பாட்டுக்காரர்கள் அதிகமானால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். பட்டினி கிடப்பதற்குப் பதில் சிலர் மறுபடி தேடக் கிளம்புவார்கள். இப்படி ஏறி இறங்கிக் கூட்டம் ஒரு சமநிலைக்கு வரும். யாருக்கும் யாரும் உபதேசம் செய்வதில்லை. லாப நஷ்டக் கணக்கே நடத்தையைத் திருத்துகிறது. ஊஞ்சலிலும் சேராதவருக்குத் தண்டனை எதுவும் இல்லை, அவருக்குரிய சுரங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். சேர்ந்தவருக்குக் கூடுதலாக ஒரு மெட்டு, அவ்வளவே.

சேர்ந்து ஆடினால் மனசும் சேருமா? அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டால்-சென் ராபினோவிட்ச், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. நான்கு வயதுக் குழந்தைகளை ஜோடி ஜோடியாக ஊஞ்சலில் உட்காரவைத்தார்கள். சில ஜோடிகள் ஒரே சீராக ஆடின, சில முன்பின்னாக ஆடின, சில ஆடவே இல்லை. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவது, ஒரு சாதனத்தின் வழியாகப் பொருளைக் கொடுத்து வாங்குவது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். ஒரே சீராக ஆடிய ஜோடிகள் மற்றவர்களைவிட நன்றாக இணைந்து செய்தன. சிறிய ஆய்வு இது, ஆடி இறங்கியதும் பார்த்த விளைவு. இதை வைத்து ஊஞ்சல் கட்டினால் ஊர்ச் சண்டை தீரும் என்றெல்லாம் யாரும் கிளம்ப வேண்டாம்.

மான்ட்ரியலில் அந்த ஊஞ்சல்கள் அடுத்தடுத்த வசந்தங்களிலும் கட்டப்பட்டன. அவற்றின் பயண வடிவம் அமெரிக்க நகரங்களுக்கும் போய்வந்தது. அங்கே போக முடியாதவர்கள் பக்கத்துப் பூங்காவிலேயே பாதியைச் சோதித்துப் பார்க்கலாம். குழந்தையை ஓர் ஊஞ்சலில் உட்காரவைத்து மிதமாக ஆட்டி, பத்து ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊஞ்சலில் நீங்கள் உட்கார்ந்து அதே வீச்சில் பத்து ஆட்டம் ஆடுங்கள். ஓரிரு வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் உங்கள் எடையைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு சங்கிலிகளின் நீளத்தையும் அளந்து பாருங்கள்.