தொட்டுப் பார்த்த கை

புதுப்பட்டினம் காலனியில் மகன் வீட்டில் இருக்கும் எண்பது வயது ஆயாவுக்குச் சொந்த ஊர் சிவகங்கைச் சீமை. "எங்கூரு வைத்தியரு நாடி பாக்க மாட்டாரு. திண்ணையில நின்னு மருந்தப் பொட்டலமாத் தூக்கிப் போடுவாரு" என்றார். தலைப்பிரசவத்தில் இரண்டு நாள் வலி. மாட்டு வண்டியில் ஏற்றி, திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சுவீடன் நாட்டு லுத்தரன் திருச்சபை மிஷன் 1909இல் தொடங்கியது அது. "நர்சம்மா எங்கையப் பிடிச்சுக்கிட்டே செபம் பண்ணுச்சு. வெளியாளு ஒருத்தரு என்னையத் தொட்டது அன்னிக்குத்தான்."

ஆயா மதம் மாறவில்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர், பேச்சுக்கு நடுவே ஸ்தோத்திரமும் சொல்கிறார்.

இந்த நன்றியை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். அதற்காக வரலாற்றை மறைக்கவும் முடியாது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் இயங்கிய ஜெர்மானிய லுத்தரன் அமைப்பான லைப்சிக் மிஷன், சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொண்டது. சாதி ஒரு சமூக வழக்கம்தான் என்று வாதாடியவர் அதன் இயக்குநர் கார்ல் கிரௌல். அதே லுத்தரன் மரபில் வந்த ஒரு நர்சின் கைதான் ஆயாவைப் பிடித்திருக்கிறது. போதகர்களின் வாதத்தைவிட அந்தக் கையைத்தான் ஆயா நம்புகிறார்.

பேத்தி இப்போது நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவளிடம் ஆயா முதலில் கேட்டது: "ஒதுங்கி நிக்காம, எல்லாரையும் தொட்டுப் பாக்குறியாடி?"