தையலார் வேலை நிறுத்தம்

தமிழில் தையல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஊசியும் நூலும் கொண்டு செய்யும் தொழில் ஒன்று. பெண் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே சொல்லில் அமைந்துவிட்டதனாலோ என்னவோ, தையல் வேலை பெண்களுக்குப் பிறவியிலேயே கைவந்த வித்தை என்றும், அதற்குத் தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை என்றும் நம்மில் பலர் எண்ணி வருகிறோம். இந்த எண்ணம் நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்திலே ஒரு பெரிய மோட்டார்த் தொழிற்சாலையின் நிர்வாகமும் ஏறக்குறைய இதே கணக்கைப் போட்டது. அதனால் மூண்ட வேலை நிறுத்தத்தைச் சித்திரிப்பதே 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மேட் இன் டாகன்ஹாம்’ என்னும் ஆங்கிலப் படம். டைரக்ட் செய்தவர் நைஜல் கோல்.

முதலில் நடந்த வரலாற்றைச் சொல்லிவிடுவோம். டாகன்ஹாம் என்பது லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஊர். ஃபோர்டு கம்பெனியார் அங்கே 1931 முதல் மோட்டார் வண்டிகளை உற்பத்தி செய்து வந்தனர். 1968-ல் அந்த மாபெரும் ஆலையில் ஆயிரக்கணக்கான ஆண்களுக்கிடையே 187 பெண்கள் யந்திரத் தையல் செய்து வந்தார்கள். வண்டிகளின் ஆசனங்களுக்கு உறை தைப்பது அவர்கள் வேலை. அவ்வாண்டு கம்பெனி எல்லா வேலைகளையும் புதிதாகத் தரம் பிரித்தது. உறை தைப்பதற்கு அதிகத் தேர்ச்சி வேண்டாம் என்று கருதி, அதை ‘ஸி’ வகுப்பில் சேர்க்காமல், அதற்குக் கீழான ‘பி’ வகுப்பில் சேர்த்தார்கள். அந்தக் கீழ் வகுப்பிலேனும் முழுக் கூலி கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. அதே வகுப்பில் உள்ள ஆணுக்கு 100 என்றால், பெண்ணுக்கு 85 தான்!

ஜூன் மாதம் 7-ஆம் தேதி பெண்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். பிறகு, ஹேல்வுட் என்னும் ஊரில் இருந்த ஃபோர்டு ஆலையின் தையற் பெண்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். ஆசனமில்லாத வண்டியை யாருக்கு விற்பது? உற்பத்தி ஸ்தம்பித்தது. மூன்று வாரங்கள் சென்றதும், தொழில் மந்திரியாக இருந்த பார்பரா காஸில் அம்மையார் அப்பெண்களை நேரில் அழைத்துப் பேசினார். கூலி, ஆண்களுடைய கூலியில் நூற்றுக்கு 92 ஆக உயர்ந்தது. சம ஊதியச் சட்டம் 1970-ல் நிறைவேறி, 1975-ஆம் ஆண்டின் இறுதியில் அமலுக்கு வந்தது.

படத்தின் நாயகி ரீட்டா ஓ’கிரேடி கற்பனைப் பாத்திரம். போராட்டத்தில் ஈடுபட்ட பெண்கள் பலரின் சாயல்களைச் சேர்த்து அமைத்தது. ஸாலி ஹாக்கின்ஸ் ஆர்ப்பாட்டமில்லாமல் நடித்திருக்கிறார். நிர்வாகிகளோடு பேசப் போகும் கூட்டத்தில், வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தால் போதும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவளோ உறையின் வெட்டுத் துண்டுகளை எடுத்து மேஜைமேல் போடுகிறாள். எந்த மாதிரியும் இல்லாமல், இவற்றில் எது எதோடு சேரும் என்று கண்டறிந்து பொருத்தித் தைக்கிறோமே, இது தேர்ச்சி வேண்டாத வேலையா என்று கேட்கிறாள். படத்தின் உயிர்நிலை இந்தக் காட்சிதான் என்பது நம் அபிப்பிராயம்.

வீட்டிலும் அவளுக்கு ஒரு போராட்டம் காத்திருக்கிறது. அவள் கணவனும் அதே ஆலைத் தொழிலாளி; நல்லவன். உற்பத்தி நின்று ஆண்களுக்கும் வேலை போனதும், நான் குடித்ததுண்டா, உன்னை அடித்ததுண்டா என்று தன் பெருமையை அடுக்குகிறான். அவையெல்லாம் நீ செய்யும் உபகாரமல்ல, முறையாக நடக்க வேண்டியவைதாம் என்று அவள் பதில் சொல்லும்போது அவன் வாயடைத்துப் போகிறான். நிர்வாகி ஒருவரின் மனைவியாக வரும் லிஸாவோ கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறியவள். ஆயினும், கணவன் அவளை ஒன்றும் அறியாதவளாகவே நடத்துகிறான். படித்த குடும்பங்கள் இந்தப் பாத்திரத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

உபாத்தியாயர் தொழிலில் உள்ள நமக்கு உறைத்த காட்சி வேறொன்று. ரீட்டாவின் மகனைப் பள்ளி ஆசிரியர் பிரம்பால் அடிக்கிறார். முறையிட வந்த தாயிடம், தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறார். அந்தப் பையனின் பாடத்தைப் பாராமல் வீட்டைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார் அவர். ஆலையில் நடந்ததும் இதுதானே? தையலைப் பாராமல், தைப்பவள் பெண் என்பதைப் பார்த்தார்கள்.

படத்தில் நமக்கு ஒரு குறை உண்டு. கதை 1968-ன் வெற்றி முழக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் அப்பெண்கள் முதன்முதலில் கேட்டது என்ன? தங்களைத் தேர்ச்சி பெற்றவர்களாக மதித்து ‘ஸி’ வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதே. கூலி உயர்ந்த பிறகும் அவர்கள் ‘பி’ வகுப்பிலேயே இருந்தார்கள். 1984-ல் மறுபடியும் வேலை நிறுத்தம் செய்த பிறகே கம்பெனி அந்த மதிப்பைக் கொடுத்தது. பணத்தில் ஒரு பகுதி மூன்றே வாரத்தில் கிடைத்தது. மரியாதை கிடைக்கப் பதினாறு வருஷங்கள் ஆயின!

நம் பாரத தேசத்தின் அரசியல் சட்டம் 1950-ல் அமலுக்கு வந்தபோதே, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை 39-ஆம் ஷரத்தில் அரசாங்கத்தின் நோக்கமாக வகுத்தது. பிரிட்டிஷ் சட்டத்துக்கு இருபது ஆண்டு முந்தியது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால், சம வேலை எது என்று தீர்மானிப்பவர் யார்? பெண்கள் செய்வதாலேயே ஒரு வேலையை எளிது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டால், எத்தனை நல்ல சட்டமும் ஏட்டளவில் நின்றுவிடும்.

படத்தில் சில இடங்களில் பேச்சு கொச்சையாக இருப்பதால், சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று. வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். பார்த்த பிறகு, சமையல், தையல், நோயாளிக்குப் பணிவிடை என்று வீட்டில் நடக்கும் வேலைகளில் எவற்றை நாம் ‘பி’ வகுப்பில் தள்ளி வைத்திருக்கிறோம் என்று அவர்களோடு கலந்து பேசுவது நல்லது. அந்தப் பேச்சில் வீட்டுப் பெண்களே முதலில் அபிப்பிராயம் சொல்லட்டும்.