சேவை செய்யவும் ஒரு படிப்பா?

கொல்கத்தாவில் காளிகாட் கோயிலை ஒட்டி, ஒரு காலத்தில் யாத்ரீகர்கள் தங்கும் சத்திரமாக இருந்த கட்டடம் ஒன்று இருக்கிறது. தெருவோரம் சாகக் கிடந்தவர்களைக் கொண்டுவந்து படுக்கவைக்க 1952 ஆகஸ்டில் அன்னை தெரசா அங்கே தொடங்கிய இல்லம்தான் ‘நிர்மல் ஹ்ருதய்’. பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் வந்து துணி துவைத்திருக்கிறார்கள், கஞ்சி ஊட்டியிருக்கிறார்கள். எந்தக் கல்லூரிச் சான்றிதழும் அவர்களிடம் கேட்கப்படவில்லை. இதற்கு மனசு போதாதா என்று தோன்றும்.

தெரசாவுக்கே அப்படித் தோன்றவில்லை. 1948-ல் லொரேட்டோ மடத்திலிருந்து வெளியே வந்தவர் நேரே சேரிக்குப் போய்விடவில்லை, பாட்னாவுக்குப் போனார். அங்கே மருத்துவ மிஷன் சகோதரிகளின் மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கச் சில மாதங்கள் கற்றுக்கொண்டுதான் கல்கத்தா திரும்பினார். சோற்றையும் உப்பையும் மட்டும் உண்டு வாழ்வது என்ற அவருடைய எண்ணத்தைக் கைவிட வைத்ததும் அந்தச் சகோதரிகள்தான். தானே பட்டினி கிடப்பவள் நோயாளியை எப்படித் தூக்குவாள்?

‘நிர்மல் ஹ்ருதய்’ தொடங்கிய அதே 1952-ல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் ‘மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்’ கல்லூரியைத் தொடங்கினார். ‘கில்ட் ஆஃப் சர்வீஸ்’ அமைப்பில் தொண்டிலேயே ஊறியவர், தொண்டுக்குப் பயிற்சி வேண்டும் என்று நினைத்ததைக் கவனிக்க வேண்டும். நாட்டில் இதற்கு முன்னோடி 1936-ல் பம்பாயில் தொடங்கிய டாடா பள்ளி. கொல்கத்தாவின் காலேஜ் ஸ்கொயரில் 1953-ல் வந்த நிறுவனமோ பெயரிலேயே சமூகநலத்தையும் வணிக மேலாண்மையையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. விநோதமான ஜோடிதான். ஆனால் 500 தொழிலாளர்களுக்குக் குறையாத ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது 1948-ன் தொழிற்சாலைச் சட்டம். சமூகப்பணி படித்தவர்களுக்கு ஆலைகளும் வேலை தந்தன.

சமூகப்பணியில் இளங்கலையான பி.எஸ்.டபிள்யூ. மூன்றாண்டு, முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாண்டு. தனிநபரோடு, குழுவோடு, ஊரோடு வேலை செய்வது எப்படி என்பது பாடத்தின் அடிப்படை. மருத்துவ, மனநலச் சமூகப்பணி, ஊர் மேம்பாடு, மனிதவளம் எனப் பிரிவுகள் பிறகு வரும். உண்மையான படிப்பு களப்பணியில்தான். வழக்கமாக வாரம் இரண்டு நாள் மாணவர்கள் மருத்துவமனைக்கோ, குடிசைப் பகுதிக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ போய், பார்த்ததை ரிப்போர்ட்டாக எழுதித் தர வேண்டும். முதல் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் எழுதியவரின் கண்ணீர்தான் இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ன கேட்டார் என்பது இருக்காது. அதை எழுத வைப்பதற்குள் ஆசிரியருக்குப் பாதி வருடம் போய்விடும்.

காளிகாட்டுக்கே திரும்புவோம். 1994-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் இல்லத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். சுத்தத்தையும் பரிவையும் மெச்சினார். ஆனால் குணமாகக் கூடியவரையும் குணமாகாதவரையும் பிரித்தறியும் முறை இல்லை, கடும் வலிக்கு வலுவான மருந்தும் இல்லை என்றார். அந்த விமர்சனத்தில் அவசரம் இருந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அன்பைப் பற்றி அவர் எதுவும் குறைசொல்லவில்லை. அன்புக்கு அடுத்த படியைத்தான் கேட்டார்.

அந்த அடுத்த படி எப்படி இருக்கும் என்பதையும் கொல்கத்தாவிலேயே பார்க்கலாம். 2007-ல் தொடங்கிய ‘ஈஸ்வர் சங்கல்ப’ அமைப்பின் ‘நயா தௌர்’ திட்டம், மனநோயோடு நடைபாதையில் வாழ்பவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவதில்லை. பணியாளர்கள் அவரிடமே போய்ப் பழகுகிறார்கள். மனநல மருத்துவர் தெருவுக்கே வருகிறார். பக்கத்து டீக்கடைக்காரரைப் போன்ற அக்கம்பக்கத்தினர் சாப்பாட்டையும் மாத்திரையையும் கவனித்துக்கொள்கிறார்கள். நம்பிக்கை வரும்வரை காத்திருப்பது, யாரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்திருப்பது, அவர் சம்மதத்தை மதிப்பது எல்லாம் பழகிவரும் வேலைத்திறன். சென்னையில் வீடற்ற மனநோயுள்ள பெண்களுக்காக 1993-ல் ‘பான்யன்’ அமைப்பைத் தொடங்கிய இருவரில் வந்தனா கோபிகுமார் சமூகப்பணி படித்தவர்.

வேலை விஷயத்தில் மழுப்ப வேண்டாம். தொண்டு நிறுவனச் சம்பளம் பல இடங்களில் சொற்பம். திட்ட நிதி நின்றால் வேலையும் நிற்கும். அதனால்தான் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்தவர்களில் பலர் மனிதவளப் பிரிவுக்குத் தாவுகிறார்கள், குற்றம் சொல்ல முடியாது. மருத்துவமனையில் மனநலச் சமூகப்பணியாளர் ஆக விரும்பினால் எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதற்குமேல் அந்தத் துறையில் முழுநேர இரண்டாண்டு எம்.ஃபில்லும் வேண்டும் என்று வரையறுத்தது. குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற அரசு சார்ந்த இடங்களிலும் இந்தப் பட்டத்துக்கு மதிப்புண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விடுதியையும் பார்ப்பதோடு இரண்டு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்: களப்பணிக்கு எங்கே அனுப்புவீர்கள்? நாங்கள் எழுதும் ரிப்போர்ட்டை யார் உட்கார்ந்து படிப்பார்?